அசல் நகராத வரை உற்சாகம் வராது

கேள்வி: எனக்கு 31 வயது. கோவையில் வேலை, கைக்கு 48,000 வருகிறது. பள்ளிபாளையத்தில் அப்பா நடத்திய விசைத்தறி நொடித்துப் போனதில் 16 லட்சம் கடன். இரண்டரை வருஷமாக மாசம் 30,000 கட்டுகிறேன், இன்னும் 14 லட்சம் நிற்கிறது. ஆரம்பத்தில் இருந்த வேகம் இப்போது இல்லை. சம்பளம் வந்த அன்றைக்கே மனசு விட்டுப் போகிறது, மூளை மந்தமாகி வேலையில் கவனம் நிற்பதில்லை. தம்பி எதுவும் தருவதில்லை. கல்யாணப் பேச்சையும் தள்ளிப்போட்டுக் கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷம் தளராமல் கட்டுவது எப்படி?

பதில்: முதலில் ஒரு கணக்கு. 30 மாசம், மாசம் 30,000 என்றால் 9 லட்சம் கட்டியிருக்கிறீர்கள். கடன் குறைந்தது 2 லட்சம். இந்த நிலையில் யாருக்கும் மனசு விட்டுத்தான் போகும். தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டு இதைச் சரிசெய்ய முடியாது. கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வருஷக்கணக்கில் கடன் கட்டுகிறவர்களின் சோர்வில் பாதி, அசல் நகராததால் வருவது. அசல் இறங்க ஆரம்பித்தால் அந்தப் பாதி தானாகவே இறங்கும். மீதிப் பாதி வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. அதற்கு வைத்தியம் வேறு.

நீங்கள் அனுப்பிய கடன் விவரத்தை வட்டியோடு போட்டுப் பார்த்தேன். ஊரில் ஒருவரிடம் 3 வட்டிக்கு 3 லட்சம், அதற்கு மாச வட்டி 9,000. இன்னொருவரிடம் 2 வட்டிக்கு 2.5 லட்சம், வட்டி 5,000. வங்கியில் அம்மாவின் நகை மேல் 3 லட்சம், வருஷத்துக்கு 9 சதவீதம், மாசக் கணக்கில் 2,250. உங்கள் பெயரில் இருக்கும் பெர்சனல் லோனில் பாக்கி 4 லட்சம், 14 சதவீதம், இன்னும் ஐந்து வருஷத் தவணை. 9,300 ரூபாய் தவணையில் இப்போதைக்கு 4,700 வட்டிக்கே போகிறது. மாமாவிடம் வட்டியில்லாமல் 1.5 லட்சம். ஆக, நீங்கள் கட்டும் 30,000-இல் 21,000 வட்டி. அசலுக்குப் போவது 9,000 மட்டும்.

அந்த 3 வட்டிக் கடனைத் தனியாகப் பாருங்கள். மூணு வட்டி என்று பேச்சில் சொல்லும்போது சின்னதாகத்தான் தெரியும். வருஷத்துக்கு 36 சதவீதம். 33 மாசம் வட்டி மட்டும் கட்டினால் 2,97,000 போய்விடும். அசலான 3 லட்சம் அப்படியே நிற்கும். கொடுத்தவர் நல்ல மனிதராக இருக்கலாம், உங்கள் அப்பாவுக்குக் கஷ்ட காலத்தில் கை கொடுத்தவராகவும் இருக்கலாம். ஆனாலும் உங்கள் வீட்டுப் பணம் வெளியேறும் பெரிய வாசல் அதுதான்.

அதை மூட ஒரு வழி இருக்கிறது. அம்மாவின் நகையை 2022-இல் வைத்ததாகச் சொல்கிறீர்கள். அப்போது பவுன் விலை 40,000-ஐ ஒட்டி இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அன்றைக்கு 3 லட்சத்துக்கு வைத்த அதே நகையை இன்றைக்குத் திருப்பி வைத்தால் இன்னொரு 3 லட்சம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வீட்டில் மிச்சமிருக்கும் நகையைத் தொட வேண்டியதில்லை. கூடுதலாகக் கிடைக்கும் பணத்தை அப்படியே 3 வட்டிக்காரரிடம் கொடுத்துக் கணக்கை முடித்தால், 9,000 வட்டி போன இடத்தில் 2,250 போகும். மாசம் 6,750 மிச்சம், ஒரு ரூபாய்கூடச் சம்பளம் ஏறாமல்.

இதில் ஆபத்து ஒன்று உண்டு, அது எனக்கு நன்றாகத் தெரிந்த ஆபத்து. நகை மேல் வாங்கிய பணம் ஒரு ராத்திரி வீட்டில் தங்கினால் அதற்கு நாலு செலவு முளைக்கும். பங்காளி வீட்டுக் காதுகுத்து, பைக் ரிப்பேர், தம்பியின் கோர்ஸ் ஃபீஸ், எல்லாமே நியாயமான செலவாகத்தான் தெரியும். காலையில் வங்கியில் வாங்கினால் சாயங்காலத்துக்குள் கடன்காரர் வீட்டில் இருக்க வேண்டும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். கடனுக்கு எழுதிக் கொடுத்த புரோநோட்டைக் கையோடு திரும்ப வாங்குங்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலை ஏதாவது அவரிடம் இருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். "அட, நம்மகிட்ட என்ன தம்பி, அப்புறம் தேடித் தர்றேன்" என்பார்கள். சிரித்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

நகைக் கடனுக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம்தான் கெடு. தவறினால் நோட்டீஸ், அப்புறம் ஏலம். அதனால் மொத்த 6 லட்சத்துக்கும் சேர்த்து மாசம் 4,500-ஐ வட்டிக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்போது அதே 30,000-ஐ மறுபடி பிரித்துப் பார்ப்போம். பெர்சனல் லோன் தவணை 9,300. இரண்டு நகைக் கடனுக்கும் வட்டி 4,500. 2 வட்டிக்காரருக்கு 5,000. மாமாவுக்கு 2,000. கையில் 9,200 நிற்கும். இந்த 9,200-தான் இனி உங்கள் ஆயுதம். ஆறு மாசத்துக்குள் 50,000 சேரும். அதை 2 வட்டிக் கடனின் அசலில் கட்டினால் மாச வட்டி 1,000 குறையும். அந்த 1,000 அடுத்த 50,000-இல் சேர்ந்துகொள்ளும். அடுத்த தடவை ஐந்து மாசம் போதும், அதற்கடுத்தது இன்னும் சீக்கிரம். இரண்டு வருஷத்துக்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும். அந்த நேரத்தில் மொத்தக் கடன் 10 லட்சத்துக்குக் கீழே வந்திருக்கும். அதன் பிறகு மாசம் 14,000-க்கு மேல் நகைக் கடன் அசலுக்குப் போகும். சம்பளமே ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் இன்றையிலிருந்து ஐந்து வருஷம் சொச்சத்தில் எல்லாம் முடிகிறது. நகையும் வீட்டுக்கு வந்துவிடும்.

ஐந்து வருஷம் நீளம்தான், மறுக்கவில்லை. ஆனால் முடிகிற தேதி தெரிந்த ஐந்து வருஷம் வேறு, எப்போது முடியும் என்றே தெரியாத இரண்டரை வருஷம் வேறு.

ஒரு சிக்கல் வரலாம். கைமாற்று, வட்டிக்குக் கொடுக்கிறவர்கள் பலர் அசலைத் துண்டு துண்டாக வாங்க மாட்டார்கள். மொத்தமாகக் கொடு, இல்லாவிட்டால் வட்டியைக் கட்டிக்கொண்டே இரு என்பார்கள். அவர்களுக்கு அதுதான் வருமானம். முதலில் 50,000-ஐக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பணத்தைக் கண்ணால் பார்த்தால் சம்மதிக்கிறவர்கள் உண்டு. பெற்றுக்கொண்டதைப் புரோநோட்டின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதி அவர் கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் வங்கியில் மாசாமாசம் கட்டும் ஆர்.டி. (தொடர் வைப்பு) ஒன்று போட்டுச் சேருங்கள். பதிவு செய்த நிறுவனத்தில் சீட்டுப் போட்டு, கடைசிப் பக்கம் தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) குறைவாக இருக்கும்போது எடுப்பதும் நல்ல வழிதான். பதிவில்லாத தெருச் சீட்டு வேண்டாம், கடன் அடைக்கப் போய் சீட்டுப் பணத்தையும் சேர்த்துத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மொத்தத் தொகை கையில் சேர்ந்ததும் போய் உட்கார்ந்து கேட்டால், கடைசி இரண்டு மூன்று மாச வட்டியைத் தள்ளிக் கொடுப்பது ஊர் வழக்கத்தில் சாதாரணம். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

எதை முதலில் அடைப்பது என்று பலர் கேட்பார்கள். வட்டி அதிகமுள்ளதா, தொகை சிறியதா? கணக்குப்படி வட்டி அதிகமுள்ளதுதான் முதலில். 36 சதவீதம் இருக்கும் இடத்தில் வேறு யோசனைக்கே இடமில்லை. ஆனால் வட்டியில் பெரிய வித்தியாசம் இல்லாத கடன்களுக்குள் சிறியதை முதலில் முடித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். சிங்கப்பூரில் வருமானம் குறைந்த குடும்பங்களின் பழைய கடன்களை ஒரு தொண்டு அமைப்பு அடைத்துக் கொடுத்தது. அவர்களை முன்னும் பின்னும் பரிசோதித்த ஆய்வு 2019-இல் வந்தது. பதற்றம் குறைந்தது, யோசிக்கும் தெளிவு கூடியது. கவனிக்க வேண்டியது, ஒரே அளவு தொகை அடைபட்டாலும், எத்தனை கடன் கணக்குகள் முற்றாக மூடப்பட்டன என்பதைப் பொறுத்துப் பலன் கூடியது. ஒவ்வொரு கடனும் மனசில் ஒரு இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் பத்தாயிரம் இருபதாயிரம் என்று மளிகைக் கடை, நூல் வியாபாரி, பழைய கூலி பாக்கி ஏதாவது இருந்தால் போனஸ் வரும் மாசத்தில் துடைத்துவிடுங்கள்.

நம் பக்கத்து ஆய்வு ஒன்றும் இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பு ஒரு தடவை, அறுவடைப் பணம் வந்த பிறகு ஒரு தடவை பரிசோதித்தார்கள். 2013-இல் வெளியானது. அதே ஆட்கள்தான், ஆனால் கையில் பணம் இல்லாமல் அடகும் கடனுமாக இருந்த நாட்களில் சிந்தனைச் சோதனைகளில் குறைவாகச் செய்தார்கள். சம்பள நாளில் மூளை மந்தமாகிவிடுகிறது, வேலையில் கவனம் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, அது உங்களுக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்க வேண்டாம். மாசம் ஐந்து பேருக்கு ஐந்து தேதியில் பணம் அனுப்புவதை நிறுத்துங்கள். முடிந்த அளவு எல்லாவற்றையும் சம்பளத்துக்கு மறுநாளே அனுப்பிவிடுங்கள். மீதி 28 நாள் கடனைப் பற்றி முடிவெடுக்க எதுவும் இருக்கக் கூடாது.

இனி வீட்டு விஷயம். கடன் கட்டுகிறவரை உடைத்துப்போடுவது பெரும்பாலும் பழைய கடன் கிடையாது, புதிதாக வெளியே வரும் பழைய கடன். இரண்டு வருஷம் கட்டிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து அப்பாவின் கையெழுத்தைக் காட்டுவார். அன்றைக்கு வரும் கோபத்தில் பலர் கட்டுவதையே நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் அப்பாவிடம் ஒரு நாள் உட்காருங்கள். "அப்பா, சண்டை போடறதுக்கு இல்லீங்க. யாராருக்கு எவ்வளவுன்னு ஒரே தடவைல சொல்லிப்போடுங்க" என்று கேளுங்கள். அன்றைக்கு எவ்வளவு பெரிய தொகை வந்தாலும் முகம் மாறக் கூடாது. மாறினால் மூன்றாவது கடன் வெளியே வராது. மொய் நோட்டையும் எடுத்துப் பாருங்கள். நமக்கு வந்த மொய்யும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன்தான், அடுத்த இரண்டு வருஷத்தில் யார் வீட்டு விசேஷம் வரும் என்று அம்மாவுக்குத் தெரியும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடியில் மொய் விருந்து வைப்பவர்கள் இதைக் கணக்குப் பிள்ளை வைத்தே எழுதுகிறார்கள். நம் வீடுகளில்தான் திடீரென்று ஞாபகம் வருகிறது.

பட்டியல் முடிந்ததும் ஒரு நோட்டில் அசலை மட்டும் எழுதி வீட்டில் எல்லார் கண்ணுக்கும் படும் இடத்தில் வையுங்கள். வட்டி வேண்டாம், கட்டிய தொகை வேண்டாம். மாசக் கடைசியில் மிச்ச அசல் எவ்வளவு என்ற ஒரே எண். அதை எழுதும் வேலையை அப்பாவுக்குக் கொடுங்கள். தறி ஓட்டிக் கணக்கு எழுதிய மனிதருக்கு இன்றைக்கு வீட்டில் ஒரு வேலையும் இல்லை. மகன் கட்டுகிறான் என்று கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுதும் எண் மாசா மாசம் இறங்குவது உங்கள் இருவருக்கும் நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அப்பா வாங்கிய கடனை அடைக்க வேண்டியது மகனின் புனிதக் கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாடு 2005-இல் வந்த வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்தோடு போய்விட்டது. அதற்குப் பின் வாங்கிய கடனுக்கு, மகன் என்ற ஒரே காரணத்தால் உங்கள் சம்பளத்தை யாரும் கேட்க முடியாது. அப்பா காலமான பிறகும்கூட, அவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. ஆனால் நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு, அது முழுக்க உங்கள் கடன். "அப்பா நோட்டு பழசாயிடுச்சு, உங்க பேர்ல மாத்தி எழுதிக் குடுங்க" என்று கேட்பார்கள். புரோநோட்டுக்கு மூன்று வருஷம் காலக்கெடு என்பதால்தான் இந்த அவசரம். தருவதாகச் சொன்ன பணத்தைத் தவறாமல் கொடுங்கள், கையெழுத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

கட்டாமல் விட்டுவிடுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஊரில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்று நீங்கள் கட்டுகிறீர்கள், அந்த விருப்பத்தை மதிக்கிறேன். பெர்சனல் லோன் தவிர மற்றதை எல்லாம் நீங்களாக ஏற்றுக்கொண்டீர்கள். அதனால் மாசம் எவ்வளவு, யாருக்கு முதலில் என்று தீர்மானிக்கும் உரிமையும் உங்களுடையதே. கடன்காரர்கள் முன்னால் பேசும்போது இது குரலிலேயே தெரியும். யாராவது அநியாய வட்டி கேட்டு மிரட்டினால் 2003-இல் வந்த தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, மூன்று வருஷம் வரை சிறை. வங்கி, நிதி நிறுவன வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பிறகோ வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

தம்பி விஷயத்தில் உங்களுக்குக் கோபம் இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. பணத்தைவிட இதுதான் உங்களை அதிகம் தின்கிறது என்று நினைக்கிறேன். அவரிடம் "நீயும் பாதி கொடு" என்றால் கிடைக்காது, சண்டைதான் வரும். ஒரு குறிப்பிட்ட பில்லைக் கையில் கொடுங்கள். அப்பா அம்மாவின் மருந்து, இல்லாவிட்டால் வீட்டு மின்கட்டணமும் கேஸும். மாசம் 3,000 என்றாலும் அது அவருடையது. நீங்கள் கட்டுவதை எல்லாம் வங்கி வழியாகவே கட்டி, கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு வீடு பாகம் பிரிக்கும்போது யார் என்ன கட்டினார்கள் என்று அம்மா சாட்சி சொல்லும் நிலை வரக் கூடாது. கட்டியதைப் பாகத்தில் கழித்துக்கொள்வீர்களா, விட்டுக்கொடுப்பீர்களா என்பதை இப்போதே, எல்லாரும் இருக்கும்போது பேசிவிடுவது நல்லது. பேசாமல் விட்ட தியாகத்துக்குப் பின்னால் வட்டி ஏறும்.

உங்களுக்கென்று மாசம் 2,000 வைத்துக்கொள்ளுங்கள், கணக்குக் கேட்காத பணமாக. படம் பாருங்கள், நண்பர்களோடு பிரியாணி சாப்பிடுங்கள். கடன் முடியும் வரை எதையும் தொட மாட்டேன் என்று விரதம் இருக்கிறவர்கள், பத்து பதினைந்து மாசத்தில் பொறுக்க முடியாமல் ஈ.எம்.ஐ.யில் ஐபோன் வாங்கிவிடுவார்கள். அப்புறம் குற்ற உணர்ச்சியில் இன்னும் ஒரு வருஷம் போகும்.

2 வட்டிக் கடனைக் குறைக்கும் முன் ஒரு 25,000-ஐத் தனியாகச் சேர்த்து வையுங்கள். மூன்று மாசம் தள்ளிப்போகும், போகட்டும். ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் மறுபடி 3 வட்டிக்கு ஓடக் கூடாது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால்தான் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், உங்களுக்குப் பொருந்தாது. அப்பாவுக்கு 70 வயது ஆகிவிட்டதென்றால், வருமானம் பார்க்காமல் 5 லட்சம் வரை மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு என்று 2024-இல் அறிவித்தார்கள், நம் ஊரில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். உங்கள் பெயரில் கடன் தொகைக்குக் குறையாத ஒரு டெர்ம் பாலிசியும் (ஆயுள் காப்பீடு) எடுத்துவிடுங்கள். இந்தக் கணக்கு முழுவதும் உங்கள் ஒருவர் சம்பளத்தில் நிற்கிறது.

நடுவில் ஒரு கட்டம் வரும். தொடங்கிய வேகமும் தீர்ந்திருக்கும், முடிவும் கண்ணில் படாது. அநேகமாக இரண்டாவது வருஷக் கடைசியில், 2 வட்டிக் கடன் முடிந்த கையோடு வரும், ஏனென்றால் மிச்சமிருப்பது யாரும் வந்து கேட்காத நகைக் கடன். அந்த 6 லட்சத்தை ஒரே கடனாக வைக்காமல், வங்கியில் கேட்டு நகையை நாலு சின்ன அடகாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒரு நகை வீட்டுக்கு வரும். முதலில் மீட்க வேண்டியது எது என்று அம்மாவைக் கேளுங்கள்.

சோர்வு என்பதைத் தாண்டி, தூக்கம் போய், நான் இல்லாமல் போனால் தேவலை என்கிற மாதிரி எண்ணம் எட்டிப் பார்த்தால், அன்றைக்கே 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அல்லது 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐந்து வருஷம் தள்ளிப்போட வேண்டாம். முதலில் 3 வட்டிக் கடனை முடியுங்கள், ஒரு ஆறு மாசம் புதுக் கணக்கில் ஓடிப் பாருங்கள், அப்புறம் பேச்சைத் தொடங்கச் சொல்லுங்கள். பெண் வீட்டாரிடம் தரகர் மூலமாக மழுப்பாமல், பெண்ணிடமே நேரில் தொகையையும் முடியும் வருஷத்தையும் சொல்லிவிடுங்கள். சிலர் பின்வாங்குவார்கள். கல்யாணத்தை 2 லட்சத்துக்குள், கோயிலில் வைத்து, கடன் வாங்காமல் நடத்தச் சம்மதிக்கும் வீடாகப் பாருங்கள். மண்டபம் பிடித்து ஊரைக் கூட்ட வேண்டும் என்று அப்பா அடம்பிடிப்பார். அன்றைக்கு அவர் கையால் எழுதிய அந்த நோட்டை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.